என் குரலில் போன பொய்

1

போன கிழமை கிளிநொச்சியிலிருந்து என் மச்சாள் ஒரு வீடியோவை அனுப்பி, கீழே ஒரு கேள்வியும் எழுதியிருந்தார். "இது உண்மையோ சுகந்தி? இஞ்சை எல்லாரும் இதைத்தான் கதைக்கினம்."

உலகத்தில் நடக்கிற கெட்டதுக்கெல்லாம் யூதர்கள்தான் காரணம் என்று சொல்லும் வீடியோ அது. முழுதாகப் பார்க்கவேண்டியிருக்கவில்லை, முதல் பத்து விநாடியிலேயே எனக்குப் பழக்கமான பொய்தான் என்று தெரிந்துவிட்டது. "பொய். ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ. ஏனெண்டு எழுதிறன்" என்று பதில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். மச்சாளுக்கென்று தொடங்கியது நீண்டுவிட்டது. அதனால் ஊரில் இருக்கும் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நான் பெரிதாகப் படித்தவள் அல்ல. வன்னியிலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வந்து பதினான்கு வருடமாக மற்றவர்களின் வீடுகளைக் கூட்டித் துடைக்கிறேன். கணவர் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நிற்கிறார். இங்கே வரும்போது மகள் ஆரணிக்கு மூன்று வயது. இப்போது பதினேழு. அவள் என்னோடு தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடிப்பாள். கோபம் வந்தால் முழுவதும் சிசிலியன்தான்.

இந்தக் கதையில் பெருமைப்படும்படி நான் செய்தது ஒன்று. வெட்கப்படும்படி செய்தது இன்னொன்று. வெட்கப்படவேண்டியதைத்தான் முதலில் செய்தேன்.

2

நாங்கள் இருப்பது நகரத்தின் சீசாப் பகுதியில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில். பதினான்கு வீடுகள். ஒன்பதில் எங்கள் ஆட்கள், ஒன்றில் மொரீசியஸிலிருந்து வந்த தேவி குடும்பம், மிச்சம் சிசிலியர்கள். வீட்டுக்காரக் கிழவர் இறந்து ஒரு வருடத்துக்குள் கட்டடம் ஒரு கம்பனிக்குக் கைமாறியது. கோடை முடிய, பதிவுத் தபால் வந்தது. ஆறு மாதத்தில் எல்லோரும் வெளியேறவேண்டும்.

வீடு போனால் இன்னொரு வீடு பார்க்கலாம்தானே என்று ஊரில் உள்ளவர்கள் நினைப்பீர்கள். இங்கே வீடு என்பது கூரை மட்டுமல்ல, முகவரி. முகவரி இல்லாமல் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோதான் நாங்கள் இந்த நாட்டில் இருக்கலாம் என்று சொல்லும் அட்டை. அது இல்லையென்றால் வேலை இல்லை, மருத்துவர் இல்லை, எங்கும் நிற்க இடமில்லை. கடிதம் வந்த கிழமை கட்டடத்தின் படிகளில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

எங்களுக்கு வழி காட்டியவர் மிரெல்லா. அறுபது வயதை எட்டிய வக்கீல். கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் கீழ்த்தளத்தில் புதன்கிழமைகளில் உட்கார்ந்து எங்களைப் போன்றவர்களின் பத்திரங்களைப் பார்த்துக்கொடுப்பார். எங்கள் ஆட்கள் அவரை 'அவ்வொகாத்தா' என்பார்கள். வக்கீலம்மா என்பதுபோல. பேசும்போது முகத்தைப் பார்க்காமல் பத்திரத்தையே பார்ப்பார். முதல்முறை போனபோது எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகுதான் விளங்கியது, அவர் ஒரு வரியையும் விடாமல் வாசிக்கிறார்.

கடிதத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது செல்லாது" என்றார். "உங்கள் ஒப்பந்தங்கள் பதிவானவை. கட்டடத்தை யார் வாங்கினாலும் ஒப்பந்தம் தொடரும். முதல் நான்கு வருடம் முடியும்போது உங்களை எழுப்ப, சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றாவது அவர்களிடம் இருக்கவேண்டும். இதில் காரணமே எழுதவில்லை. ஆனால் பதினான்கு வீடும் சேர்ந்து வரவேண்டும். ஒவ்வொருவராகப் போனால் ஒவ்வொருவராகப் பயமுறுத்துவார்கள்."

அதற்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவருக்கு அதிகாரம் கொடுத்து ஒரு கையெழுத்து வேண்டும். அதே நேரம் கம்பனியின் ஆள் ஒருவர் வேறொரு தாளோடு கட்டடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். 'எங்கள் விருப்பத்தோடு வெளியேறுகிறோம்' என்ற தாள். அதில் கையெழுத்து விழுந்தால் மிரெல்லாவால் ஒன்றும் செய்யமுடியாது.

இரண்டு தாள். எதில் ஒப்பமிடுவது என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் முன்னால் இருந்த கேள்வி.

3

எங்கள் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் எப்போது வரிசை குறைவு, எந்த நாளில் பஸ் வேலைநிறுத்தம், யாருக்கு வேலைக்கு ஆள் தேவை என்று காலையில் நான்தான் குரலில் பதிந்து போடுவேன். வாசிக்கக் கஷ்டப்படுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகத் தொடங்கியது. பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. "சுகந்தி அக்கா சொன்னவா" என்றால் அதற்குமேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஒரு காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு ஒரு வீடியோ வந்தது. தமிழில், மணிமணியான குரலில். கடலோர நகரங்களில் ஏழைகளின் வீடுகளை யூதர்கள் இரகசியமாக வாங்கிச் சனத்தைத் துரத்துகிறார்கள் என்று தொடங்கியது. புல்டோசர், அழுகிற பெண்கள், தெருவில் கிடக்கும் மெத்தைகள். அதில் மேலும் என்னென்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை பரப்பியது போதும்.

ஓம், பரப்பினேன். பாதிதான் பார்த்தேன். இறங்கும் இடம் வந்துவிட்டது. வீடு போகப்போகிறதே என்ற பயம் நெஞ்சில் இருந்தது. வீடியோ அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் கொடுத்தது. குழுவில் போட்டுவிட்டு, என் குரலிலேயே இப்படிச் சேர்த்தேன்: "எல்லாரும் ஒருக்காப் பாருங்கோ. எங்கடை வீட்டுப் பிரச்சினைக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குப் போல கிடக்கு."

மத்தியானத்துக்குள் அது எங்கள் கட்டடத்தைத் தாண்டிவிட்டது.

இரண்டாம் மாடியில் இருப்பவர் செல்வராசா அண்ணை. மொண்டெல்லோவில் என் கணவரோடு வேலை செய்பவர். நேர்மையான மனிதர், ஆனால் கோபம் வந்தால் இறங்காது. காசாவில் குழந்தைகள் சாவதைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து அழுதவர். "எங்களுக்கு நடந்த மாதிரியே நடக்குது தங்கச்சி" என்பார். அந்த அழுகையில் பொய் இல்லை. பொய் அந்த அழுகையின் முதுகில் ஏறிக்கொண்டு வந்தது. பழைய பத்திரிகைப் படம் ஒன்றை அண்ணை தேடி எடுத்தார். யூதர்களின் நினைவு நாள் ஒன்றில் மிரெல்லா மெழுகுதிரி ஏற்றும் படம். அதைக் குழுவில் போட்டு எழுதினார்: "இவவும் அவையின்ரை ஆள்தான். கம்பனியும் இவவும் ஒண்டு. கையெழுத்துக் குடுக்காதேங்கோ."

நான் போட்ட வீடியோவில் மிரெல்லாவின் பெயர் இல்லை, பலெர்மோவே இல்லை. மூன்று மணித்தியாலத்தில் இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன.

அடுத்த புதன்கிழமை நான் கால்சாவுக்குப் போனபோது, எப்போதும் எங்கள் ஆட்கள் நிறைந்திருக்கும் கதிரைகளில் தேவி மட்டும் உட்கார்ந்திருந்தார். மொரீசியஸ் ஆட்களுக்குப் பூட்டன் காலத்துத் தமிழ் கோயிலில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. எங்கள் குழுவில் அவர் இல்லை. நடந்தது பிறகு தெரிந்தபோது, "எனக்குத் தமிழ் தெரியாதது முதல்தடவையாக நல்லதுக்கு ஆனது" என்று இத்தாலியனில் சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்தப் புதன்கிழமை சிரிக்க எதுவும் இருக்கவில்லை. மிரெல்லா தன் கைபேசியை என் பக்கம் திருப்பினார். தெரியாத இலக்கங்களிலிருந்து தமிழிலும் உடைந்த இத்தாலியனிலும் வசவுகள்.

"தமிழில் உள்ளதை மொழிபெயர்க்க முடியுமா?" என்று கேட்டார்.

என்னால் முடியவில்லை. "நல்ல வார்த்தை இல்லை, சின்யோரா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "என் பெயர் உங்களுக்குத் தடையாக இருந்தால் வழக்கை வேறொருவரிடம் கொடுக்கிறேன். ஆனால் அடுத்த திங்களுக்குள் யாராவது ஒருவரிடம் கையெழுத்துக் கொடுங்கள். வீட்டை விட்டுவிடாதீர்கள்."

தன்னை ஏசியதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. வீடியோவை முதலில் போட்டது நான் என்பதை மறைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

4

பிறகு நடந்ததெல்லாம் ஆரணியால்தான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. கீழ் வீட்டு சின்யோரா பீனா படியில் மறித்து, "உண்மையைச் சொல் பிள்ளை, உங்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது யூதர்களா?" என்று கேட்டாராம். ஆரணி குழந்தையாக இருந்த காலத்திலிருந்து எங்களைத் தெரிந்த மனுசி. கேட்டதோடு நிற்காமல் கைபேசியில் ஒரு வீடியோவும் காட்டியிருக்கிறார். ஆரணி அதைத் தன் கைபேசிக்கு வாங்கி வந்திருந்தாள்.

"அம்மா, இதைப் பாருங்கோ. நீங்கள் போட்டதும் இதும் ஒரே வீடியோ. மீ!"

'மீ' என்பது பலெர்மோப் பிள்ளைகள் வியப்பு வந்தால் விடும் சத்தம். எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பழக்கத்தை நிறுத்த முடியவில்லை. அன்று நிறுத்தச் சொல்லவில்லை.

அதே இசை, அதே புல்டோசர், அதே மெத்தைகள். குரல் மட்டும் இத்தாலியன். ஆனால் கதை தலைகீழ். எங்களுக்கு வந்ததில், யூதர்கள் குடியேறிகளைத் துரத்தி வீடுகளைப் பிடிக்கிறார்கள். பீனாவுக்கு வந்ததில், யூதர்கள் குடியேறிகளை இறக்குமதி செய்து இத்தாலியர்களின் வீடுகளைப் பிடிக்கிறார்கள். நாங்கள் ஒன்றில் பாதிக்கப்பட்டவர்கள், மற்றதில் படையெடுத்து வந்தவர்கள். மாறாதது ஒன்றே ஒன்று, யூதர் என்ற சொல்.

"கடைசியைப் பாருங்கோ" என்றாள்.

கடைசியில் ஒரு படம். பெல்லெக்ரீனோ மலையில் இந்த நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவிடம் நாங்கள் வருடாவருடம் ஏறும் படம். இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக எங்கள் சனம் முழுக்க. யாரோ எப்போதோ எடுத்தது. நடுவில் நீலச் சேலையில் நான். முன்னால் வெறுங்காலோடு செல்வராசா அண்ணை. கீழே பெரிய எழுத்தில்: 'அவர்களின் படை மேலேறுகிறது.'

ஆரணி அன்றும் மறுநாளும் கணினியை விட்டு எழும்பவில்லை. அந்தப் படங்கள் முதலில் எங்கே வந்தவை என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். வீடியோவின் மூலையில் ஒரு சின்னத்தை மங்கலாக்கியிருந்தார்கள். அது தூரத்து நாடொன்றின் அரசுத் தொலைக்காட்சியின் சின்னம். அவர்களின் பழைய நிகழ்ச்சி ஒன்றே வெட்டி ஒட்டப்பட்டுப் பல மொழிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் தோண்டியபோது, அந்தப் புல்டோசர் காட்சியின் மூலமும் கிடைத்தது. அந்த நாட்டு அரசாங்கமே தன் நகரத்து ஏழைகளின் குடியிருப்பை இடித்தபோது வேறொரு செய்தியாளர் எடுத்த காட்சி. தான் இடித்த வீட்டின் பழியை யூதர்களின் தலையில் போட்டுத் தன் சனத்துக்கே காட்டியிருக்கிறது அந்த அரசு. பிறகு யார் யாரோ அதைத் தூக்கி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள். அந்த நாட்டின் பெயரை எழுதவில்லை. பெயரை எழுதினால் அந்த ஒரு நாடுதான் இப்படிச் செய்கிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

"குரலையும் கேளுங்கோ அம்மா. நீங்கள் ஒவ்வொரு நாளும் குரல் பதியிறனீங்கள்தானே. ஏதாவது விளங்குதோ?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நான்கு நிமிடம். அந்தக் குரல் ஓர் இடத்திலாவது மூச்சு எடுக்கவில்லை. மனிதக் குரலே அல்ல, கணினி செய்தது.

5

ஊரில் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

போரின் கடைசி மாதங்களில் நான் பங்கருக்குள் இருந்தேன். ஆரணி மடியில், சில மாதக் குழந்தை. பக்கத்துப் பங்கரில் ஒருவரிடம் பற்றரி வானொலி இருந்தது. அதில் அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கத்தில் அவ்வளவு சனம் இல்லையாம். எஞ்சியிருப்பவர்கள் சனமே இல்லையாம். நான் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு அதைக் கேட்டேன். எங்களைக் கொல்லுவதற்கு முதல் எங்களை இல்லாமல் ஆக்கினார்கள், சொல்லால். அதை நம்பியவர்கள் எத்தனை பேர்? எங்கோ ஒரு வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு, "ஓம், அவையள் அப்பிடித்தான்" என்று யாரோ ஒரு நல்ல மனுசி பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருப்பாள். அவளுக்கு என்மேல் கோபம் இருந்திருக்காது. பஸ் வந்துவிட்டது என்ற அவசரம் இருந்திருக்கலாம்.

ஆரணியின் கணினிக்கு முன்னால் இருந்து அழுதேன். அவள் பயந்துவிட்டாள். "மம்மா, மா கே சூச்சேதே?" என்ன நடந்தது என்று கேட்கிறாள். அந்த மனுசி நான்தான் என்று எந்த மொழியில் சொல்வது?

ஒரு நாட்டு அரசாங்கம் செய்வதற்காக அந்த அரசாங்கத்தின்மேல் கோபப்படுவது வேறு. அதற்காகப் பலெர்மோவில் எங்கள் பத்திரங்களை வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவரைக் காட்டி "அவையின்ரை ஆள்" என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத சனமா நாங்கள்? எங்கள் எல்லோரையும் ஒரே பெயரில் அழைத்து, சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்டார்களே.

6

சனிக்கிழமை பின்னேரம் மிரெல்லாவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். வழியெல்லாம் இத்தாலியனில் வசனம் பாடமாக்கிக்கொண்டு போனேன். கதவு திறந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்: "சின்யோரா, ஓ ஸ்பதிலியாத்தோ."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, இத்தனை மாதத்தில் முதல்தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார். 'பிழை செய்துவிட்டேன்' என்பதற்கு 'ஸ்பலியாத்தோ'. நான் சொன்னது 'கொட்டாவி விட்டேன்'. கொட்டாவி விட்டதற்கு மன்னிப்புக் கேட்க நகரத்தைக் கடந்து வந்திருக்கிறேன்.

சிரிப்பு முடிய உண்மையைச் சொன்னேன். அந்த வீடியோவை முதலில் போட்டது நான், என் குரலில். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே வரச் சொன்னார். கோப்பி போட்டார். நெடுநேரம் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"என் அப்பாவைப் பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றினார்கள்" என்றார். "பாசிச ஆட்சியின் இனச் சட்டம். முதலில் வானொலி சொன்னது, பிறகு பத்திரிகைகள். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அரசாங்கம் எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கும் என்று. பிறகு ஒரு நாள் மேல்வீட்டுப் பெண் அதே வசனத்தைச் சொன்னார். வானொலி சொன்ன அதே சொற்கள், ஆனால் தினமும் காலை வணக்கம் சொன்ன குரலில். அப்பா சாகும்வரை மறக்காதது அந்தக் குரலைத்தான்."

எனக்குத் தலை குனிந்துவிட்டது.

"நீங்கள் குனியத் தேவையில்லை" என்றார். "அந்தப் பெண் ஒருநாளும் எங்கள் கதவைத் தட்டவில்லை."

கால்சாவிலிருந்து ரயில் நிலையப் பக்கம் போகும் வழியில் சில பழைய தெருக்களின் பெயர்ப்பலகையில் மூன்று எழுத்து இருக்கும், இத்தாலியன், ஹீப்ரு, அரபு. பல வருடம் அதை ஏதோ அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று மிரெல்லா சொல்லித்தான் தெரியும். ஐந்நூறு வருடங்களுக்குமுன் அங்கே யூதர்கள் வாழ்ந்தார்களாம். ஸ்பானிய அரசன் ஆணையிட்டு ஒருவர் மிச்சமில்லாமல் சிசிலியிலிருந்து துரத்தினானாம். அப்போது வாட்ஸ்அப் இல்லை. முரசறைந்து சொன்னார்களாம்.

புறப்படும்போது கேட்டேன். "எங்கடை வழக்கை வேறு ஆளிடம் குடுக்கவேண்டாம். நாளைக்கு ஒருநாள் தருவீங்களா?"

"திங்கள் காலை ஒன்பது மணிவரை" என்றார். மறுபடியும் வக்கீலாகிவிட்டார்.

7

ஞாயிறு பின்னேரம் எல்லோரையும் கட்டடத்தின் முற்றத்துக்கு அழைத்தேன். பீனாவும் வந்தார். செல்வராசா அண்ணை தோளில் பையோடு வந்து நின்றார். அந்தப் பைக்குள் ஐந்து வீடுகளின் தாள்கள் இருந்தன, 'எங்கள் விருப்பத்தோடு வெளியேறுகிறோம்' என்று ஒப்பமிட்டவை. வக்கீலும் கம்பனியும் ஒன்றென்றால் வழக்கில் தோற்பதைவிடச் சண்டையில்லாமல் போவது நல்லது என்று அண்ணை சேர்த்தவை, அடுத்த நாள் கம்பனி ஆளிடம் கொடுப்பதற்கு.

ஆரணி சுவரில் வெள்ளைத் துணி கட்டி, பள்ளித் தோழியிடம் இரவல் வாங்கிய கருவியால் படம் காட்ட ஆயத்தமாக நின்றாள். அதற்குமுன் நான் பேசினேன்.

"அந்த வீடியோவைப் போட்டது நான். முழுசாப் பாக்காமல் போட்டனான். என்ரை குரலைக் கேட்டுத்தான் நீங்கள் நம்பினீங்கள். அது பொய். பிழை என்ரை."

"மனசு மாறிட்டியோ தங்கச்சி?" என்றார் செல்வராசா அண்ணை. "அவ உனக்கு என்ன சொன்னவ?"

"அவ ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. நீங்களே பாருங்கோ."

முதலில் தமிழ் வீடியோ. எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு இத்தாலியன் வீடியோ. ஆரணி ஒவ்வொரு வசனமாக நிறுத்தித் தமிழில் சொன்னாள். அவளுடைய தமிழ் இடையிடையே வழுக்கும். 'படையெடுப்பு' என்ற சொல் வரவில்லை. "எங்கடை ஆக்கள் சண்டைக்கு வாற மாதிரி" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பீனா தன் கைபேசியை உயர்த்தி, "இதுதான் எனக்கு வந்தது, இதேதான்" என்று சிசிலியனில் சத்தமாகச் சொன்னார்.

கடைசிப் படம் துணியில் விழுந்தது. பெல்லெக்ரீனோ மலை. முதலில் சின்னப் பிள்ளைகள்தான் கத்தினார்கள். "அது எங்கடை அம்மா!" "அங்கை மாமா!" பெரியவர்களும் தங்களைத் தேடினார்கள். ஆரணி கீழே இருந்த எழுத்தை வாசித்தாள். "அவர்களின் படை மேலேறுகிறது."



செல்வராசா அண்ணை துணிக்குக் கிட்டப் போனார். படத்தில் இருந்த தன் வெறுங்கால்களைத் தொட்டார். அவருடைய தம்பி போரின் முடிவில் கையளிக்கப்பட்டுக் காணாமல் போனவன். அவனுக்காக நேர்த்தி வைத்து ஒவ்வொரு வருடமும் அந்த மலையில் ஏறுகிறார்.

"படையோ?" என்றார். "நான் தம்பிக்கு நேர்த்தி வச்சு ஏறினது. என்னைப் பாத்து... படையாமோ?"

"இதைச் செய்தவைதான் மாமா அதையும் செய்தவை" என்றாள் ஆரணி. "அவையளுக்கு உங்களையும் தெரியாது, மிரெல்லாவையும் தெரியாது. ஆர் வீடு போனாலும் அவையளுக்கு ஒண்டுமில்லை. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுத் தின்னவேணும், அவ்வளவுதான்."

என் மகளுக்குத் தமிழ் போய்விட்டது என்று நான் எத்தனை பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன்!

இன்னொரு தாளும் இருந்தது. மிரெல்லா அன்று காலை ஆரணிக்கு அனுப்பியது. கம்பனியின் பதிவுப் பத்திரம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கக்கூடியது. அதில் பொறுப்பாளரின் பெயரை ஆரணி வாசித்தாள். இறந்த வீட்டுக்காரரின் சொந்த மருமகன். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்கள் கதவுகளைத் தட்டிப் பெரிய கேக்குப் பெட்டி தந்து, பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிற அதே மனிதர். இரகசியச் சதி எதுவும் இல்லை. கட்டடத்தைக் காலியாக்கிச் சுற்றுலாக்காரருக்கு விட நினைத்த ஒரு மருமகன்தான் இருந்தார்.

செல்வராசா அண்ணை பையைத் திறந்தார். ஐந்து தாளையும் எடுத்து, ஒவ்வொன்றாகப் பெயர் வாசித்து, உரியவர்களின் கையில் கொடுத்தார். "கிழியுங்கோ. என்ரை சொல்லைக் கேட்டுத்தானே எழுதினனீங்கள். இப்ப என்ரை சொல்லைக் கேட்டே கிழியுங்கோ."

கிழிக்கும் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அங்கேயே, வெள்ளைத் துணிக்கு முன்னால் கைபேசியை எடுத்து ஒரு குரல் பதிவு செய்தேன். நான் செய்த பிழையையும் அந்த வீடியோ எங்கிருந்து வந்தது என்பதையும் இரண்டு மொழிகளில் எப்படி இரண்டு கதை சொல்கிறது என்பதையும் சொன்னேன். நடுவில் அழுகை வந்து மூச்சு வாங்கியது. வெட்டாமல் அப்படியே அனுப்பினேன். சில நாட்களில் அது லண்டன், பாரிஸ் எல்லாம் சுற்றி, என்னை அறியாத ஒருவரிடமிருந்து எனக்கே வந்தது. "பலெர்மோவிலை ஒரு அக்கா கதைக்கிறா, கட்டாயம் கேளுங்கோ" என்ற குறிப்போடு.

8

திங்கள் காலை எட்டரைக்கு கால்சாவில் கதிரைகள் போதவில்லை. பதினான்கு வீட்டுக் கையெழுத்தும் ஒன்பது மணிக்குமுன் விழுந்தது. செல்வராசா அண்ணை கடைசியாக வந்து, ஆரணியை மொழிபெயர்க்கச் சொல்லி நிமிர்ந்து நின்றார். "நான் உங்களைப் பற்றிப் பொய் எழுதினனான். உங்கடை படத்தைப் போட்டது நான்தான். மன்னிக்கவேணும்."

மிரெல்லா அவர் முகத்தைப் பார்த்தார். பத்திரத்தை அல்ல, முகத்தை. "பெயரைத் தெளிவாக எழுதுங்கள்" என்றார். "உங்கள் பெயர் நீளமானது." பிறகு கையை நீட்டினார். அண்ணை இரண்டு கைகளாலும் அதைப் பற்றினார்.

வழக்குக்கு முன் இரு பக்கமும் சமரசத்துக்கு உட்காரவேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். அதற்கு வசந்தம்வரை காத்திருந்தோம். அந்த நாளில் கட்டடத்தில் வேலைக்குப் போகாமல் நின்றவர்களில் பலர் வந்தோம், பீனாவும் தேவியும் உட்பட. அறைக்குள் வீட்டுக்கு ஒருவர். மேசையின் அந்தப் பக்கத்தில் நத்தார் மருமகன், வக்கீலோடு. எங்களைக் கண்டதும் புன்னகைத்தார். "உங்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

என் பக்கத்திலிருந்து செல்வராசா அண்ணை எழும்பினார். பதினெட்டு வருடம் பாத்திரம் கழுவிக் கற்ற இத்தாலியனில், மிரெல்லாவைக் காட்டிச் சொன்னார்: "லா நொஸ்த்ரா அவ்வொகாத்தா." எங்கடை வக்கீல்.

மிரெல்லா தலையை நிமிர்த்தாமல் பத்திரத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். ஆனால் அந்தப் பக்கத்தை அவர் வாசிக்கவில்லை. எனக்குத் தெரியும். கண் நனைந்திருந்தது.

ஒரு மணித்தியாலத்துக்குள் கம்பனியின் வக்கீல் மருமகனின் காதில் எதையோ சொன்னார். கடிதங்கள் மீளப்பெறப்பட்டன. பதினான்கு ஒப்பந்தங்களும் நான்கு வருடத்துக்குத் தொடரும் என்று எழுதிக் கையொப்பம் இட்டார்கள். ஆரணி வெளியே வாசலில் காத்திருந்தாள். அவளிடம் தாளைக் கொடுத்தேன். வாசித்தாள். "மீ!" என்று கத்தி என்னைக் கட்டிப்பிடித்தாள். நானும் "மீ!" என்றேன்.

பஸ்ஸில் சீசாவுக்கு வந்து இறங்கும்போது மத்தியானம். எங்கள் கட்டடத்துப் பல்கனிகளில் சனம் கூடி நின்றது, மேல்மாடிப் பெண்கள், வேலைக்குப் போகாமல் நின்ற ஆண்கள், பிள்ளைகள். தெருவின் அந்தத் தொங்கலிலேயே ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார், என்ன நடந்தது என்று.

செல்வராசா அண்ணை நடுத்தெருவில் நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, சீசா முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"இருக்கிறம்!"